எதிரி எழுதிய தூண்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் சில தாள்களும் இல்லை. ஆகவே அதை எழுதியவர் யார், அச்சிட்டவர் யார் என்பது நான் அதை வாங்கிய நாளிலும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. முதுகலைத் தேர்வுக்கு வேண்டிய நூல்களைத் தேடிச் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போயிருந்தபோது, இலக்கண உரை ஒன்றின் அடியில் அகப்பட்டது. காஞ்சியின் பழைய வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லும் சிறு நூல். கடையில் நின்றபடியே சில பக்கங்களைப் படித்தேன். உறுதியாகத் தெரிந்ததைத் "தெரிகிறது" என்றும், தெரியாததை "இருக்கலாம்" என்றும் அந்த ஆசிரியர் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார். பத்து வயதுக் குழந்தையிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசும் உரைநடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இலக்கண உரையை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.

அப்போது நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குத் தற்காலிக ஆசிரியை. இளங்கலைத் தமிழ் முடித்துவிட்டு, முதுகலைக்குத் தனித்தேர்வராகப் படித்துக்கொண்டிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் என் சித்தி வீட்டிலிருந்து தினமும் பேருந்தில் வந்து, கடைத்தெருவில் இறங்கி, நெசவாளர் தெருக்கள் வழியாக நடப்பேன். வழியில் யாருடனும் பேசமாட்டேன். பேசத் தெரியாது என்பதே சரியான சொல்.

அந்த 'பி' பிரிவே தற்காலிகமானதுதான். அந்த ஆண்டு பிள்ளைகள் கூடுதலாகச் சேர்ந்ததால், ஆய்வாளர் வந்து நேரில் பார்க்கும்வரை என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அவர் வரும் நாளில் போதிய பிள்ளைகள் வகுப்பில் இல்லையென்றால் பிரிவைக் கலைத்து 'ஏ' பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். எனக்கு வேலை போகும். அதைவிட என்னைக் கலங்கச் செய்தது வேறொன்று. 'ஏ' பிரிவின் ஆசிரியர் மணி அடித்ததும் கதவைச் சாத்தித் தாழிடுகிறவர். என் வகுப்பில் பாதிப்பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். காலையில் நூல் சுற்றித் தரவேண்டும். அல்லது தறியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சேலையின் கரைக்கான நாடாவை, ஊடைநூல் ஓடும் கட்டையை, தள்ளித் தரவேண்டும். அதை முடித்துவிட்டு மணி அடித்தபிறகுதான் ஓடிவருவார்கள். நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். ஆசிரியையாக நான் அவர்களுக்குச் செய்த உதவி அநேகமாக அது ஒன்றுதான். சாத்திய கதவின் முன் சில நாள் நின்றுபார்த்துவிட்டு அவர்கள் தறிக்கே திரும்பிவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வரலாற்றுப் பாடநூலில் மன்னர்கள் வரிசையாக வந்தார்கள், ஆண்டார்கள், குளம் வெட்டினார்கள், போனார்கள். பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எங்கே நிறுத்தினாலும் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வரும். ஒருநாள் பாடநூலை மூடிவிட்டு, அட்டையில்லாத புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினேன். இருந்தது ஒரே பிரதி. நான் ஒரு பக்கம் வாசிப்பேன். பிறகு படத்தைக் காட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பேன். யாரோ ஒருத்தர் எப்போதும் "இன்னும் பாக்கலை டீச்சர்" என்பார்கள்.

வடமேற்கிலிருந்து படையெடுத்து வந்த ஒரு மன்னனைப் பற்றிய பகுதியை வாசித்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. அவன் காஞ்சியை வென்றான். ஆனால் நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இந்தச் செய்தியைத் தன் மொழியான கன்னடத்தில் அந்தக் கோயிலின் தூண் ஒன்றிலேயே வெட்டச் செய்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பினான். நூல் இவ்வளவுதான் சொன்னது.

வகுப்பு இதை ஏற்கவில்லை.

"ஜெயிச்சிட்டு யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா டீச்சர்?" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"எட போட்டுக் குடுத்தாரா?" என்று ஒரு பெண் குரல் வந்தது. இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும் சிறுமி அவள். வகுப்பில் எல்லாரும் அவளைக் கேள்விக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எடை என்ற சொல் எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர்கள் வீட்டில் பட்டையும் ஜரிகையையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பார். நெய்த சேலையை எடைபோட்டு வாங்கிக்கொள்வார். கொடுப்பதும் திருப்பித் தருவதும் தராசு இல்லாமல் நடக்கும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

"அது புத்தகத்துல இல்லம்மா."

"அப்ப முழுசாக் குடுத்தாருன்னு எப்டித் தெரியும்? கொஞ்சம் அமுக்கிக்கினு மிச்சத்தக் குடுத்திருப்பாரு."

"எங்க மொதலாளி மாதிரி" என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"குடுத்தேன்னு அவரே எழுதிக்கினா ஆச்சா?" கேள்விக்காரி விடவில்லை. "வீட்டுக்கணக்கு முடிச்சிட்டேன்னு நான்கூடத்தான் சிலேட்டுல எழுதுவேன்."

கல்லூரியில் சான்று என்பதைப் பற்றிப் பேராசிரியர்கள் பேசியதை எல்லாம் நான் குறிப்பெடுத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "தூணைப் போய்ப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கணத்திலேயே வருந்தவும் தொடங்கினேன்.

கோயில் எங்கள் பள்ளியிலிருந்து மேற்கே, தெருக்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், நடந்தே போகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் பெரிய டீச்சரிடம், அதாவது தலைமையாசிரியையிடம், அனுமதி கேட்க அவர் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாம் முறைதான் உள்ளே போனேன். நல்லவர், ஆனால் வாழ்நாளில் பாதியை ஆய்வாளருக்குப் பயந்தே கழித்தவர். "கொளத்துப் பக்கம் உடாதீங்க. எண்ணிக் கூட்டிக்கினு போங்க, எண்ணிக் கூட்டிக்கினு வாங்க" என்றார். கோயிலைச் சுற்றியுள்ள சிற்றறைகளுக்குள் பிள்ளைகள் புகுந்து புகுந்து வெளிவந்ததில், நான் ஒவ்வொரு முறை எண்ணியபோதும் ஒவ்வொரு கணக்கு வந்தது. அந்தக் கோயிலின் சிற்பங்களில் ஒன்றைக்கூட அன்று நான் பார்க்கவில்லை.

தூணைக் காவலாளி காட்டினார். வட்ட வட்டமான எழுத்துகள். தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ஒருவன், "எங்க ஊட்டு எழுத்து மாதிரி இருக்குது, ஆனா இல்ல" என்றான். கேள்விக்காரி தொடாமல், விரலை ஒரு அங்குலம் தள்ளியே வைத்து, தூணைச் சுற்றி வந்தாள். பிழை இருக்கிறதா என்று சேலையை ஓட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"யாரும் சொரண்டல டீச்சர்."

"எதை?"

"எழுத்த. இது நம்ம கோயிலு. அவரு ஊருக்குத் திரும்பிப் போயிட்டாரு இல்ல? பொய்யின்னா, அவரு போனதும் நம்மாளுங்க சொரண்டிப் போட்டிருப்பாங்க. உட்டு வெச்சிருக்காங்க. அப்ப குடுத்திருக்காரு."

நானும் குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தேன். பிறகு, புத்தகம் எனக்குக் கற்றுக் கொடுத்த சொல்லைச் சொன்னேன். "இருக்கலாம்."

"இருக்கலாம்னா ஆமாவா, இல்லியா?"

அதற்கும் "இருக்கலாம்" என்றேன். அவள் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி அந்த மழைக்குள்தான் வந்தது. பெரிய டீச்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், "பசங்க கொறஞ்சா ஊர்ல ஜுரம்னு சொல்லிடுங்கம்மா. மழைக்கு ஜுரம் வர்றது சகஜம்தானே. நானும் அதத்தான் சொல்வேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியவில்லை.

மழை தொடர்ந்தவரை எனக்கு ஒரு வெட்கமான நிம்மதி இருந்தது. மழைநாளில் தெருவில் பாவு போட முடியாது. பாவு என்பது சேலையின் நீளவாட்டு நூல். அதைத் தெருநீளத்துக்குக் கவைக்கோல்களின் மேல் நீட்டி, கஞ்சி போட்டு, நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிட்டு, வெயிலில் உலர்த்திச் சுருட்ட வேண்டும். ஒரு வீட்டாரால் ஆகிற வேலையில்லை. தெருவே சேர்ந்து செய்யும். பிள்ளைகள் இல்லாமல் நடக்காது. மழை நீடித்தால் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். தை மாதக் கல்யாணங்களுக்குச் சேலை நெய்ய வேண்டிய வீடுகள் வானத்தைப் பார்த்து நொந்துகொண்டிருந்தபோது, நான் சித்தி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னும் ஒரே ஒரு நாள் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆய்வு நாள் காலையில் வெயில் அடித்தது.

பேருந்திலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. முனையிலிருந்து முனைவரை அரக்கு நிறத்தில் ஒரு பாவு. அதற்கு அப்பால் பச்சையில் இன்னொன்று. இருபுறமும் என் வகுப்புப் பிள்ளைகள், கைகள் முழங்கைவரை கஞ்சியாக.

"டீச்சர், சுத்திக்கினு போங்க! தாண்டிடாதீங்க!" என்று கத்தினாள் கேள்விக்காரி. நீட்டிய பாவைத் தாண்டுவது அங்கே பெரிய தப்பு.

அருகே போய், "இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு, தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும் டீச்சர். வெயிலு இப்பத்தான வந்துது? காஞ்சதும் வந்துடுறோம்."

அவள் அம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தினி நாளா நனஞ்சி கெடக்குதும்மா பொழப்பு. உங்க இன்ஸ்பெக்டர நாளிக்கு வரச் சொல்லேன்" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். கேலியில்லை; ஆனால் வேண்டுகோளும் இல்லை. நான் சுற்றுவழியில் போனேன். பள்ளிவரை போன அந்த வழியில், இல்லாத பிள்ளைகளின் பெயர்களை மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். சொன்னால் வந்துவிடுவார்கள் என்பதுபோல.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். கையில் குடை, தோளில் துணிப்பை. எங்கள் வகுப்புக்குள் நுழைந்து, பாதிக்குமேல் காலியாகக் கிடந்த பலகைகளைப் பார்த்தார்.

"மத்த பிள்ளைங்க எங்கம்மா?"

பின்னால் நின்ற பெரிய டீச்சர் முந்திக்கொண்டார். "மழை பாருங்க சார், ஊரெல்லாம் ஜுரம்…"

அவர் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். "அப்படியாம்மா?"

நேர்மைக்காக உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கறுப்புச் செருப்பின்மேல் கஞ்சி தெறித்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அந்தத் தெரு வழியாகத்தான் வந்திருக்கிறார்.

"தெருவில் பாவு போட்டிருக்கிறார்கள், ஐயா. மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில். காய்ந்ததும் வருவார்கள்."

எழுதிவைத்ததைப் படிப்பதுபோல் ஒலித்தது. பெரிய டீச்சரின் வளையல் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"எப்பக் காயும்?"

"வெயிலைப் பொறுத்தது, ஐயா."

"அப்ப உங்க செக்ஷனும் வெயிலப் பொறுத்ததுதான்" என்றார். "மத்தியானம் வந்து நானே எண்ணுறேன்." மற்ற வகுப்புகளைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரிய டீச்சர் என்னைத் திட்டவில்லை. "என்னப் பொய்க்காரியாக்கிட்டீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினார். அது திட்டியதைவிடக் கனமாக இருந்தது.

அன்று முற்பகலில் என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன், கண் ஜன்னலில் இருந்தது. நேற்றுவரை மழையை வேண்டியவள் இப்போது வெயிலை வேண்டினேன். கிழக்கே ஒரு மேகம் திரண்டது. தூறல் விழுந்தால் பாவு கெடும். கெட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது மட்டுமில்லை, அதற்குப் பிறகு அவர்களிடம் போய் வரலாறு பேச எனக்கு வாய் இருக்காது. இருந்த பிள்ளைகளும் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார்கள். "அது மழ மேகம் இல்ல டீச்சர்" என்று ஒருவன் எனக்கு ஆறுதல் சொன்னான். நான் மேகத்தைப் பற்றி எதுவும் பேசியிருக்கவில்லை.

உணவு மணிக்குப் பிறகும் பலகைகள் நிறையவில்லை. ஆய்வாளர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைக் கையில் எடுத்தார். அப்போதுதான் வெளியே ஓடிவரும் காலடிகள் கேட்டன. திறந்திருந்த கதவு வழியாகக் கும்பலாக உள்ளே வந்தார்கள். வியர்வையில் நனைந்த தலை, கஞ்சி காய்ந்து வெளுத்த கை. வகுப்பு முழுவதும் புளித்த சோற்றுக் கஞ்சியின் வாசனை.

கேள்விக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "டீச்சர்! இவருதான் காலைல பாவத் தாண்டப் பாத்தவரு!"

"நான் தாண்டலையே" என்றார் ஆய்வாளர்.

"நாங்க கத்தினோம், அதனால தாண்டல."

அவர் அதை மறுக்கவில்லை. பென்சிலால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். திரும்பவும் பின்னாலிருந்து எண்ணினார். இரண்டு பேர் இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் தேவைப்படுவார்களா என்பது தெரியாது. "போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உறைக்கும் முன்பே, பெரிய டீச்சர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆனால் ஆய்வாளர் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இதுக்கு அட்டை எங்க?"

"இல்லை, ஐயா. வாங்கும்போதே இல்லை."

"யாரு எழுதினது?"

"தெரியாது, ஐயா."

"யாரு எழுதினதுன்னே தெரியாத புத்தகத்த வெச்சா சரித்திரம் நடத்துறீங்க?"

கேள்விக்காரி எழுந்து நின்றாள். "நாங்க போயி பாத்துட்டோம் சார். புக்கு சொன்னது தூணுல இருக்குது. யாரும் சொரண்டல." பிறகு, அவர் கேட்காமலேயே, எதிரி மன்னன் திருப்பிக் கொடுத்ததையும், அதை ஏன் நம்பலாம் என்பதையும் சொன்னாள். முடிக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குடுத்திருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆய்வாளர் தூணைப் பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். "படிச்சுப் பாத்துட்டு அனுப்புறேன். அதுவரைக்கும் பாடநூல நடத்துங்க."

அவர் குடை வாசலைத் தாண்டியதும் வகுப்பு வெடித்தது.

"திருப்பிக் குடுப்பாரா டீச்சர்?"

"குடுப்பார்."

"எழுதி வாங்கினீங்களா?"

எழுதி வாங்கவில்லை. அதைக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அதன் பிறகு பாடநூலின் மன்னர்களை நடத்தினேன். பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். ஒவ்வொரு பாடம் முடிவிலும் யாராவது, "புக்கு வந்துதா?" என்பார்கள். வரவில்லை என்று சொல்லும்போதெல்லாம், ஆய்வாளர் இப்போது அதில் எந்தப் பக்கத்தில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருப்பார் என்று மனம் அடித்துக்கொள்ளும். தந்த பிரிவைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு கடிதம் போதும்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது, ஆய்வாளர் அலுவலக ஊழியர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். புத்தகம்தான். அதற்குப் பழுப்புத் தாளில் அளவாக மடித்து அட்டை போட்டிருந்தது. உள்ளே குறிப்பு எதுவும் இல்லை. நடத்தலாம் என்றோ கூடாது என்றோ ஒரு வரி இல்லை. நான் அந்த அட்டையைப் பிரித்துக்கூடப் பார்த்தேன்.

பிள்ளைகள் என் கையிலிருந்து அதை வாங்கி, பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்கள்.

"ஒண்ணும் கொறயல."

"ஏறித்தான் இருக்குது. அட்ட இருக்குதே!"

"சுவத்துல எழுதணும் டீச்சர்" என்றான் தெலுங்கு வீட்டுப் பையன். "'எடுத்துக்கினு போனவரு திருப்பிக் குடுத்தாரு'ன்னு." ஒருவன் அதற்குள் கரித்துண்டை எடுத்துவிட்டான்.

"அதெப்டி நாம எழுதறது?" கேள்விக்காரி அவன் கையைத் தட்டிவிட்டாள். "எடுத்தவருதான எழுதணும்? அவரு எழுதணும், நம்ம சுவத்துல. நாம சொரண்டாம இருக்கணும். அப்பத்தான் செல்லும்."

நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு வகுப்பு அவள் பக்கம் சாய்ந்தது. பின்சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில் ஓரிடத்தைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்கினார்கள். அங்கே யாரும் சாயக்கூடாது, கை வைக்கக்கூடாது என்று முடிவாயிற்று.

"அடுத்த தபா அவரு வரும்போது எழுதச் சொல்லணும்" என்றாள். "நீங்கதான் டீச்சர் கேக்கணும்."

அன்று மாலை பேருந்தில் போகும்போது, அதை எந்தச் சொற்களில் கேட்பது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். ஐயா என்று தொடங்க வேண்டும் என்பது மட்டும் உறுதியாக இருந்தது.